பத்து வயதைக் கூட்டிக்கொண்ட நாடோடி

ப்ளூஸ் பாடகராக ஆசைப்படுகிறவருக்குக் குரல் இருந்தால் நல்லது. கிட்டார் வாசிக்கத் தெரிந்தால் இன்னும் நல்லது. இரண்டும் சுமாராக இருந்தாலும் சமாளித்துவிடலாம். கட்டாயம் இருக்க வேண்டியது, பட்ட கஷ்டம். குடிகார அப்பா, அடிக்கிற மாற்றாந்தகப்பன், ஓடிப்போன மனைவி, சிறைவாசம், திருட்டு ரயில் பயணம் ஆகியவற்றில் குறைந்தது மூன்று தேற வேண்டும். முன்பல் ஒன்று இல்லையென்றால் கூடுதல் மதிப்பெண். "என் அப்பா பல் டாக்டர், நான் பி.காம்." என்று உண்மையைச் சொல்லிவிட்டு மேடையேறினால், வாசிப்பு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும் டிக்கெட் வாங்கியவர் கைப்பேசியை நோண்ட ஆரம்பித்துவிடுவார்.

இந்தத் தகுதித் தேர்வை வைத்தது ப்ளூஸைப் பெற்றெடுத்த கறுப்பின மக்கள் இல்லை. 1920களிலும் 30களிலும் இசைத்தட்டு வாங்கிய அவர்களுக்குக் கஷ்டத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை. அது வீட்டிலேயே இலவசமாகக் கிடைத்தது. பளபளக்கும் ஷூ, மடிப்புக் கலையாத கோட்டு, கார் வாங்குமளவுக்குச் சம்பாதித்த பாடகர், இவைதான் அவர்களுக்குப் பிடித்தன. பின்னால் வந்த வெள்ளைக்கார ரசிகர்கள்தான் அழுக்கு வேட்டியில் சாமியாரைத் தேடும் பக்தர்கள் மாதிரி, கிழிந்த மேல்சட்டையில் ஞானம் இருக்கிறது என்று நம்பத் தொடங்கினார்கள்.

பாடகர் லெட்பெல்லியை எடுத்துக்கொள்வோம். 1934இல் லூயிசியானாவின் அங்கோலா சிறையிலிருந்து வெளியே வந்தவர். மனுஷனுக்கு நல்ல சூட்டும் வில்-டையும் என்றால் உயிர். அவரை நியூயார்க்குக்கு அழைத்துப்போன நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமாக்ஸுக்கோ அவர் பண்ணையாள் உடுப்பில் நின்றால்தான் திருப்தி. அடுத்த வருடமே ஒரு செய்திப்படத்துக்காக லெட்பெல்லி, சிறையிலிருக்கும் லெட்பெல்லியாக நடிக்க வேண்டி வந்தது. விடுதலையாகி வெளியே வந்த மனிதரைக் கலைக்காக மறுபடி உள்ளே தள்ளிய பெருமை நாட்டுப்புறவியலுக்கு உண்டு.

பிக் பில் ப்ரூன்ஸியின் கதை இன்னும் ருசி. 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் ஒரு பெரிய கச்சேரி. அதற்கு ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனைக் கூட்டிவர நினைத்தார் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட். ஜான்சனோ அந்த ஆகஸ்டிலேயே, 27 வயதில், செத்துப்போயிருந்தார். பதிலுக்கு வந்தவர் ப்ரூன்ஸி. அவரை ஆர்க்கன்ஸா வயலிலிருந்து நேரே வந்து இறங்கிய விவசாயியாகச் சபைக்கு அறிமுகப்படுத்தினார்கள். உண்மையில் ப்ரூன்ஸி சிகாகோவில் வருடக்கணக்காகக் குழு சேர்த்து இசைத்தட்டுகளாகப் போட்டுத் தள்ளிக்கொண்டிருந்த பட்டணத்து நட்சத்திரம். அவரும் மறுக்கவில்லை. விவசாயி வேண்டுமென்றால் விவசாயி. பிற்பாடு ஐரோப்பாவுக்குப் போய், கிராமத்து ப்ளூஸின் கடைசி வாரிசு என்ற பதவியையும் வாங்கிக்கொண்டார். 1893இல் மிசிசிப்பியில் பிறந்ததாகவும் முதல் உலகப்போரில் பிரான்சில் பணியாற்றியதாகவும் சொன்னார். வாழ்க்கை வரலாற்றாசிரியர் பாப் ரீஸ்மன் போய்த் துருவியபோது, அவர் 1903இல் ஆர்க்கன்ஸாவில் பிறந்த லீ கான்லி பிராட்லி என்று தெரிந்தது. போர் முடிந்தபோது பையனுக்கு வயது பதினைந்து.

நாற்சந்தியில் பிசாசுக்கு ஆன்மாவை விற்று கிட்டார் கற்றதாக ராபர்ட் ஜான்சனைப் பற்றி உலகமே சொல்கிறது. அந்தக் கதை முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகருடையது. அதைச் சொன்னவர் டாமியின் அண்ணன் லெடெல். இனிஷியல் சரிபார்க்காத பிசாசு, பத்திரத்தைத் தவறான ஜான்சன் பேரில் பதிவு செய்துவிட்டது. இன்று மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேலில் 61ஆம், 49ஆம் எண் நெடுஞ்சாலைகள் சந்திக்கும் இடத்தில் பெரிய நீலக் கிட்டார்களை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகள் அங்கே நின்று படமெடுத்துக்கொள்கிறார்கள்.

பாப் டிலனும் லேசுப்பட்டவரில்லை. சிறுவயதிலேயே வீட்டை விட்டு ஓடினேன், பெற்றோரோடு தொடர்பே இல்லை என்றெல்லாம் அளந்துகொண்டிருந்தார். 1963இல் நியூஸ்வீக் பத்திரிகை போட்டு உடைத்தது: பையனின் அப்பா அம்மா, மகனின் கார்னகி ஹால் கச்சேரிக்காக அதே நியூயார்க்கில் வந்து தங்கியிருந்தார்கள்.

இவ்வளவு முன்னோர் பெருமையும் எதற்கென்றால், இந்தக் குலத்தில் கடைசியாக அவதரித்த மகானைச் சரியான பீடத்தில் உட்காரவைக்கத்தான். அவர் பெயர் சீஸிக் ஸ்டீவ். கப்பலேறினால் குமட்டுகிற ஸ்டீவ் என்று அர்த்தம். நார்வேயிலிருந்து கோபன்ஹேகன் போகும் கப்பலில் வயிறு கலங்கியதால் வந்த பெயராம். அமெரிக்கக் கண்டம் முழுக்கச் சரக்கு ரயிலில் உருண்டவர் என்று புகழ்பெற்ற மனிதருக்கு, பயணிகள் கப்பல் ஒத்துக்கொள்ளாமல்தான் பட்டம் கிடைத்தது என்பதை அப்போதே கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

உலகம் அவரைக் கண்டுகொண்டது 2006ஆம் வருடக் கடைசி இரவில். பிபிசியில் ஜூல்ஸ் ஹாலண்ட் நடத்தும் புத்தாண்டு நிகழ்ச்சி. பெரிய பெரிய நட்சத்திரங்களுக்கு நடுவே, நரைத்த நீளத் தாடியும் ஜான் டீர் டிராக்டர் கம்பெனித் தொப்பியும் உழவர் உடுப்புமாக ஒரு கிழவர் வந்து உட்கார்ந்தார். கையில் மூன்றே தந்திகள் கட்டிய ஓட்டைக் கிட்டார். காலடியில் ஒரு மரப்பெட்டி, அதில் பழைய மோட்டார் சைக்கிள் நம்பர் பிளேட்டும் ஒரு துண்டுக் கம்பளமும். பெட்டிக்குப் பெயர் மிசிசிப்பி டிரம் மெஷின். காலால் மிதித்தால் தும் தும் என்கிறது, அவ்வளவுதான் இயந்திரம். அவர் மிதித்து, இழுத்து, உறுமிப் பாடி முடித்தபோது பிரிட்டனின் வரவேற்பறைகளில் கையில் கோப்பையோடு இருந்தவர்கள் எல்லாம் விழுந்துவிட்டார்கள்.

அந்த நிகழ்ச்சியில் நள்ளிரவுக்குப் பத்திலிருந்து தலைகீழாக எண்ணி, கட்டிப்பிடித்து வாழ்த்துவார்கள். அது டிசம்பர் மாதம் முன்கூட்டியே பதிவு செய்யப்படுவது. அரங்கில் இருப்பவர்கள் வராத நள்ளிரவை வந்ததாகப் பாவித்துக் கூச்சலிடுவார்கள். ஆக, பொய்யான புத்தாண்டு இரவில் மெய்யான நாடோடி ஒருவரை நாடே தரிசித்தது. பத்து வருடம் கழித்துத்தான் அந்த வாக்கியத்தில் இரண்டாவது பெயரடையும் ஆட்டம் கண்டது.

நாடோடி சொன்ன கதை இதுதான். 1941 வாக்கில் கலிபோர்னியாவின் ஓக்லண்டில் பிறப்பு. நாலு வயதில் அப்பா அம்மா பிரிவு. எட்டு வயதில், தாத்தாவின் பட்டறையில் வேலை பார்த்த கே.சி. டக்ளஸ் என்ற நிஜமான ப்ளூஸ்காரர் கிட்டார் கற்றுக்கொடுத்தார். பதின்மூன்று வயதில், மாற்றாந்தகப்பன் அடி தாங்காமல் வீட்டை விட்டு ஓட்டம். பிறகு சரக்கு ரயில், திருவிழாக் கொட்டகை வேலை, மாடு மேய்ப்பு, பழத்தோட்டக் கூலி, நடுநடுவே சிறை. வேலை தேடி அலைகிறவன், வேலை தேடாமலே அலைகிறவன், அலையவும் செய்யாமல் வேலையும் செய்யாமல் கிடக்கிறவன் என்று நாடோடிகளை மூன்று சாதியாகப் பிரித்து, தான் மூன்றிலும் இருந்ததாகச் சொல்வார். கூட்டம் கைதட்டும். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அலுவலகம் போக வேண்டிய கூட்டம் அது.

கிட்டாருக்கும் தனிப்புராணம் உண்டு. மிசிசிப்பியின் கோமோ ஊரில் ஷெர்மன் கூப்பர் என்பவரிடமிருந்து அந்த மூன்று தந்திக் கிட்டாரை 75 டாலருக்கு வாங்கினாராம். வாங்கிய பிறகு, தான் 25 டாலருக்குத்தான் வாங்கியதாகக் கூப்பர் சொல்லியிருக்கிறார். கடுப்பான ஸ்டீவ், இனி இதில் நாலாவது தந்தி கட்டமாட்டேன், ஷெர்மன் என்னை ஏமாற்றிய கதையை உலகமெல்லாம் போய்ச் சொல்வேன் என்று சபதம் போட்டார். திரௌபதி கூந்தலை முடியாதிருந்தது போல இவர் தந்தியை முடியாதிருந்தார். 50 டாலர் நஷ்டத்தை இவ்வளவு லாபகரமாக நடத்திய இன்னொரு வியாபாரியைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

புத்தாண்டு நிகழ்ச்சிக்கு அடுத்த வருடம் பிரிட்டிஷ் இசைவிழா எதைத் திறந்தாலும் உள்ளே ஸ்டீவ். கிளாஸ்டன்பரியில் ஸ்டீவ். மோஜோ பத்திரிகை 2007இல் அவருக்குப் புதுமுக விருது கொடுத்தது. அறுபத்தாறு வயதுப் புதுமுகம்! 2008இல் லண்டனின் ராயல் ஆல்பர்ட் ஹால் நிரம்பி வழிந்தது. 2009 பிரிட் விருதுகளில் சிறந்த வெளிநாட்டு ஆண் பாடகர் பிரிவில் ஜே-ஸி, கான்யே வெஸ்ட், பெக், நீல் டயமண்ட் ஆகியோரோடு இவர் பெயரும் இருந்தது. விருது கான்யேவுக்குப் போனது. ஒன்றுமில்லாமல் ஆரம்பித்தேன், அதில் பெரும்பகுதி இன்னும் கையிருப்பில் இருக்கிறது என்ற பொருளில் தலைப்பிட்ட ஆல்பத்தை வார்னர் என்ற பகாசுர நிறுவனம் வெளியிட்டது. அடுத்த ஆல்பத்துக்கு 'மேன் ஃப்ரம் அனதர் டைம்', வேறொரு காலத்து மனிதன், என்று பெயர். எந்தக் காலம் என்றுதான் யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் மாத்யூ ரைட் என்ற எழுத்தாளர். 2016இல் அவர் எழுதிய வாழ்க்கை வரலாறு வந்தது. ஒரு நாடோடியின் பழைய தடயங்களைத் தேடிப் போகிறவர் தண்டவாளத்தையும் சாராயக்கடையையும் குடைய வேண்டும். ரைட் போய்ச் சேர்ந்த இடமோ பழைய இசைத்தட்டுகளின் பின்னட்டை.

அங்கே எழுதியிருந்தது ஸ்டீவ் லீச் என்ற பெயர். இப்போது அவருக்கு இருக்கும் வோல்ட் என்ற குடும்பப்பெயர் பிறகு நார்வேக்கார மனைவி வழியாக வந்தது. ரைட் கண்டுபிடித்த பிறந்த வருடம் 1951. அதாவது பத்து வயதைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். ப்ரூன்ஸி கூட்டியதும் அதே பத்து. மரபு என்றால் இப்படித்தான் தசமம் பிசகாமல் காப்பாற்ற வேண்டும். சினிமா நட்சத்திரங்கள் பத்து வயதைக் கழிப்பதைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தத் திசை புதிது. ஆனால் யோசித்தால் நியாயம் புரியும். ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் தாடி வளர்த்து ப்ளூஸ் பாடினால் வீட்டில் ஏதோ பிரச்சினை என்பார்கள். அறுபத்தைந்து வயதில் பாடினால் சரித்திரம் பாடுகிறது என்பார்கள்.

பின்னட்டை இத்தோடு விடவில்லை. எந்தக் குழுவின் பின்னட்டை அது? சாந்தி. ஆமாம், நம்முடைய சாந்திதான். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் முளைத்து, மகரிஷி மகேஷ் யோகியின் ஆழ்நிலைத் தியானத்தில் தோய்ந்து, ராகத்தையும் ராக்கையும் ஒரே பாத்திரத்தில் காய்ச்சிய குழு. 1971இல் அட்லாண்டிக் நிறுவனம் அவர்களுடைய இசைத்தட்டை வெளியிட்டது. சரோத் வாசித்தவர் அலி அக்பர் கானின் மகன் ஆஷிஷ் கான். தபலா, ஸாகிர் ஹுசைன். பேஸ் கிட்டார், திருவாளர் ஸ்டீவ் லீச், பிற்கால மிசிசிப்பி நாடோடி.

கொஞ்சம் இந்தக் காட்சியை அனுபவிக்க வேண்டும். சரக்கு ரயிலின் இரும்பு வாடை வீசுவதாக நாம் நம்பிய விரல்கள், ஊதுவத்திப் புகைக்கு நடுவே, அல்லாவுதீன் கானின் பேரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேஸ் மீட்டிக்கொண்டிருந்தன. ஸாகிர் ஹுசைனும் 1951இல் பிறந்தவர். இரண்டு பேரும் இருபது வயதுப் பையன்களாக ஒரே இசைத்தட்டில் வாசித்தார்கள். 2006 கடைசியில் ஸாகிருக்கு ஐம்பத்தைந்து வயது. கூட வாசித்தவருக்கு மட்டும் அறுபத்தைந்து ஆகியிருந்தது. ஐன்ஸ்டீனின் கோட்பாட்டில் விண்வெளிக் கப்பலில் போனவருக்கு வயது குறைவாக ஏறும்; இவர் சரக்கு ரயிலில் போய் அதைத் தலைகீழாகச் சாதித்துவிட்டார்.

சாந்தி ரொம்ப நாள் நீடிக்கவில்லை. ஸாகிர் ஹுசைன் அடுத்து ஜான் மெக்லாக்லினோடு சக்தி என்ற குழுவுக்குப் போனார். எல். சங்கரின் வயலினும் டி.எச். விநாயக்ராமின் கடமும் சேர்ந்து அது உலகப்புகழ் பெற்றது. சாந்தி போய் சக்தி வந்த கதையில் பேஸ்காரர் நம் கண்ணிலிருந்து மறைகிறார். மறைந்தவர் எங்கே போனார்? புழுதி பறக்கும் நெடுஞ்சாலைக்கா? கிரிஸ்டல் கிராஸ் என்ற டிஸ்கோ குழுவுக்கு. டிஸ்கோ! ப்ளூஸ்காரர் ஒருவரின் பூர்வாசிரமத்தில் கொலைக்குற்றம் இருந்தால் ரசிகர்கள் கண்கலங்கி மன்னிப்பார்கள். சிறையிலிருந்தால் கொண்டாடுவார்கள். டிஸ்கோவுக்கு மன்னிப்பே கிடையாது.

இப்போது கணக்குப் போடுங்கள். 1941இல் பிறந்து பதின்மூன்றில் ஓடியிருந்தால், சாந்தி இசைத்தட்டு வரும்வரை அலைவதற்குப் பதினேழு வருடம் கிடைக்கும். காவியம் பாட அது போதும். 1951இல் பிறந்திருந்தால் கிடைப்பது ஏழு வருடம். அதற்குள் ரயிலேறி, மாடு மேய்த்து, பழம் பறித்து, சிறை போய், தியானம் கற்று, சரோத்துக்குத் துணைவாசிக்கும் அளவுக்கு பேஸ் பழகி முடித்திருக்க வேண்டும். இவ்வளவு நேர்த்தியாக நேரத்தைப் பங்கிடுகிற ஆளை நாடோடி என்று சொல்வதே தப்பு. அவரைக் கம்பெனிகள் கொத்திக்கொண்டு போயிருக்கும்.

எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம் தருவது 1990கள். அப்போது அவர் வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் ஒலிப்பதிவுக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். கிட்டாரை எடுத்த பிள்ளைகளெல்லாம் குழு ஆரம்பித்த ஊர் அது. மாடஸ்ட் மவுஸ் என்ற குழுவின் முதல் முழு ஆல்பம் 1996இல் வந்தது. அமெரிக்க இண்டி ராக்கில் இன்றும் மரியாதையோடு பேசப்படுகிற ஆல்பம். அதன் தயாரிப்பாளர் ஸ்டீவ் வோல்ட். ராகத்தோடு ராக் கலந்தபோதும் உள்ளே இருந்தார், டிஸ்கோ சுழன்றபோதும் இருந்தார், இண்டி பிறந்தபோது மைக்கைச் சரிசெய்துகொண்டு இருந்தார். அரைநூற்றாண்டு மேலை இசையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஓர் ஓரமாக நின்ற மனிதர். அதை அப்படியே சொல்லியிருந்தால் பத்து டிலன் கதைக்குச் சமம். ஆனால் அனுபவசாலி ஒலிப்பதிவாளர் என்ற பட்டத்தோடு போனால் ஜூல்ஸ் ஹாலண்ட் நிகழ்ச்சியில் நாற்காலி போட்டிருக்கமாட்டார்கள். வயரைச் சுருட்டச் சொல்லியிருப்பார்கள்.

2001இல் நார்வேக்குக் குடிபோனார். 2004இல் மாரடைப்பு. அது கதையல்ல, நிஜம். தேறிய பிறகு மனைவியின் தூண்டுதலில் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பதிவு செய்ததுதான் 2006இன் 'டாக் ஹவுஸ் மியூசிக்'. அடுப்படியில் ஏழைக் கிழவர் தன்பாட்டுக்கு முனகியது எப்படி இவ்வளவு சுத்தமாகப் பதிவாகியிருக்கிறது என்று வியக்கத் தோன்றும். எங்கே மைக்கை வைத்தால் சமையலறை சமையலறை மாதிரியே கேட்கும் என்று தெரிந்த தொழில்காரர் அவர். அந்த முரட்டுத்தனம் தானாக வந்ததல்ல, செய்த வேலை. அதற்காகவே நான் அவருக்கு இரண்டு மதிப்பெண் அதிகம் போடுவேன்.

பாட்டு எப்படி என்று இன்னும் சொல்லவில்லையே. நன்றாகவே இருக்கிறது, அதுதான் சிக்கல். மூன்று தந்தியில் ஸ்லைடை வைத்து இழுக்கும்போது ஒரு பழைய எஞ்சின் கிளம்புகிற உறுமல் எழுகிறது. பெட்டி தும் தும் என்கிறது. தலை தானாக ஆடுகிறது. கார்ச்சக்கர மூடிகள் இரண்டை முதுகோடு முதுகு ஒட்டி, துடைப்பக்கட்டையைக் கழுத்தாகச் செருகிய கிட்டாரையும் வாசிக்கிறார், அதுவும் பேசுகிறது. லெட் செப்லினின் ஜான் பால் ஜோன்ஸ் இவருக்கு பேஸ் வாசித்திருக்கிறார். 2013இன் 'ஹப்கேப் மியூசிக்' ஆல்பத்தில் ஜாக் வைட்டும் சேர்ந்துகொண்டார். இவர்கள் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்டதாகத் தகவல் இல்லை.

ரைட்டின் புத்தகம் வந்தபோது பூகம்பம் வருமென்று நான் எதிர்பார்த்தேன். பத்திரிகைகள் இரண்டு நாள் சப்புக்கொட்டின. ரசிகர்கள் சிலர் ஏமாற்றப்பட்டதாகப் புலம்பினார்கள். மீதிப்பேர் அடுத்த கோடையில் அதே சேற்று மைதானத்தில், அதே பிளாஸ்டிக் கோப்பையோடு, அதே தொப்பியைப் பார்க்கக் கூடினார்கள். 2018இல் ஒரு ஆல்பம், 2020இல் இரண்டு, 2022இல் ஒன்று, 2024இல் இன்னொன்று. பத்து வயது குறைந்துவிட்டதால் உழைப்பதற்குத் தெம்பு கூடியிருக்கலாம்.

பாவம் யாரென்றால் ஷெர்மன் கூப்பர்தான். பிறந்த வருடம், ரயில், டிஸ்கோ என்று அத்தனையும் மறுகணக்குக்கு வந்துவிட்டன. கிட்டார் விலையில் 50 டாலர் ஏற்றியவர் என்ற கெட்டபெயர் மட்டும் ஊரூராக இன்னும் சுற்றுகிறது. ஸ்டீவ் என்றாவது மேடையில், நான்காவது தந்தியைக் கட்டிக்கொண்டு, தம்பூராச் சுருதியைப் போட்டுவிட்டு, 1971இல் சரோத்துக்கும் தபலாவுக்கும் நடுவே இருபது வயதுப் பையனாக உட்கார்ந்து என்ன வாசித்தார் என்று பாடினால் டிக்கெட்டுக்கு 75 டாலர் கொடுக்க நான் தயார். 25தான் பெறும் என்று பிறகு சொன்னாலும் கோபித்துக்கொள்ளமாட்டேன்.